போ பிஷெட்டும் எட்டு ஆண்டுக் கணக்கும்

ஸ்காபரோ
3 டிசெம்பர் 2025

ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் பேஸ்போல் அணியின் தலைவர் மார்க் ஷபைரோ, பொது முகாமையாளர் ரோஸ் அட்கின்ஸ் ஆகியோருக்கு,

வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளாக இந்த நாட்டில் இருந்தும், காசு விஷயம் என்று வந்துவிட்டால் மனக்கணக்கு எனக்குத் தமிழில்தான் ஓடுகிறது. அக்காவின் மகன் ஆங்கிலத்தில் மாற்றி உங்களுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்குப் பரீட்சைக் காலம். அவன் மாற்றி முடிப்பதற்குள் நீங்கள் ஒர்லாண்டோவில் நடக்கும் குளிர்காலக் கூட்டத்துக்குப் போய்த் திரும்பியும் விடலாம். ஆகவே முதலில் இங்குள்ள தமிழ் இரசிகர்கள் வாசிக்கட்டும். அவர்களோடும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

ஒப்பந்தம் முடிந்த நம் ஆட்டக்காரர் போ பிஷெட்டுக்கு நீங்கள் நீட்டிய ஓர் ஆண்டுக்கான 22.025 மில்லியன் டொலரை அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எதிர்பார்த்ததுதான். இப்போது முப்பது அணிகளில் எதனோடும் அவர் பேசலாம். எட்டு ஆண்டுகள், 200 மில்லியனுக்கு மேல் என்று பேச்சு அடிபடுகிறது. அந்தப் பேச்சு வந்த நாளிலிருந்து நான் போகும் கடைகளிலெல்லாம் ஒரே புலம்பல்: 'எட்டு வருஷமா? கடைசி மூன்று வருஷம் காசைக் கரியாக்குவதுதானே?' நான் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுபவன். இப்படிப் பேசும் கடைக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் இருபத்தைந்து ஆண்டுக் கடனில் வீடு வாங்கியவர்கள்.

எங்கள் அக்கா இருபது பேரைச் சேர்த்துச் சீட்டு நடத்துகிறார். ஆளுக்கு மாதம் 500 டொலர், மொத்தம் 10,000. அவசரம் உள்ளவர் முதல் மாதங்களிலேயே கழிவு கூறி எடுத்துவிடுவார். கையில் எண்ணாயிரமோ எட்டாயிரத்து ஐந்நூறோ வரும். அதை வைத்து மகளின் கலியாணம் நடக்கும். பிறகு இருபதாவது மாதம்வரை அவர் கட்டிக்கொண்டே இருப்பார். அந்தக் கடைசி 500 டொலரைக் கட்டும்போது அவர் கைக்கு எதுவும் திரும்பி வராது. அதைப் பார்த்து 'ஐயோ, காசு வீணாகிறதே' என்று இதுவரை யாரும் அழுததில்லை. கலியாணம் எப்போதோ முடிந்து படமும் சுவரில் தொங்குகிறது.

நட்சத்திர வீரரின் நீண்ட ஒப்பந்தமும் முன்சீட்டுத்தான். 28 வயதில் அவர் ஆடப்போகும் ஆட்டத்தை இப்போதே எடுத்துக்கொண்டு, அதற்கான காசை அவருக்கு 35 வயதாகும்வரை கட்டுகிறோம். கடைசி ஆண்டுகளில் அவர் அந்தக் காசுக்கு ஆடமாட்டார் என்பது கையெழுத்துப் போடும் இரு தரப்புக்கும் தெரியும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: முன்சீட்டுக் காசில் என்ன கலியாணம் நடத்தப்போகிறோம்?

இதற்கு நம் கண் முன்னாலேயே ஓர் ஆள் நின்றார். சம்பியன் யாரென்று முடிவாகும் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் நமக்காக முதல் பந்தை எறிந்த 41 வயது மக்ஸ் ஷேர்சர். 2015இல் வொஷிங்டன் அவரோடு ஏழு ஆண்டுகளுக்கு 210 மில்லியன் என்று ஒப்பந்தம் செய்து, அதில் பாதியைப் பின்போட்டது. அந்த மிச்சத்தை ஆண்டுக்கு 15 மில்லியனாக 2028வரை வொஷிங்டன் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது. ரொறன்ரோ மைதானத்தில் ரொறன்ரோச் சட்டையோடு எறிந்துகொண்டிருந்தவருக்கு வொஷிங்டனிலிருந்து தவணை! ஆனால் அங்கே யாரும் முணுமுணுக்கவில்லை. 2019இல் கிண்ணம் வந்துவிட்டது.

நீளத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது உங்களுக்குத் தெரிந்ததுதான், இரசிகர்களுக்காகச் சொல்கிறேன். அணிகள் ஒரு வரம்புக்கு மேல் சம்பளம் கொடுத்தால் ஆடம்பர வரி கட்ட வேண்டும். 2026க்கு அந்த வரம்பு 244 மில்லியன். வரிக் கணக்கில், எந்த ஆண்டில் எவ்வளவு கையில் கொடுத்தாலும், பெரும்பாலும் மொத்தத்தை ஆண்டுகளால் வகுத்து வரும் சராசரியைத்தான் எடுப்பார்கள். 200 மில்லியனை எட்டால் வகுத்தால் 25. பத்தால் வகுத்தால் 20. அதே காசு, அதே ஆள், ஆண்டுக்கு ஐந்து மில்லியன் இடைவெளி. பிலடெல்பியா டிரே டேர்னருக்கு 40 வயதுவரை, 11 ஆண்டுகளுக்கு 300 மில்லியன் கொடுத்தது. நாற்பது வயதில் அவர் பறப்பார் என்ற நம்பிக்கை அதற்குக் காரணமில்லை. வகுக்கும் எண்ணைப் பெருக்கினார்கள், அவ்வளவுதான். 'நீண்ட ஒப்பந்தம், பைத்தியக்காரத்தனம்' என்று கத்துபவர்கள் பாதி நேரம் வரிக்கணக்குப் பிள்ளையின் கெட்டித்தனத்தைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்களும் ஆண்டுகளுக்குப் பயந்தவர்கள் அல்ல. விளாடிமிர் கெரேரோவுக்கு 14 ஆண்டுகள், 500 மில்லியன். போன வாரம் டிலன் சீஸுக்கு ஏழு ஆண்டுகள், 210 மில்லியன். சீஸுக்கு இந்த மாதம் 28ஆம் திகதி முப்பது வயது நிறைகிறது. அவர் பந்து எறிபவர்; முழங்கையில் ஒரு தசைநார் அறுந்தால் ஓர் ஆண்டுக்கு மேல் காணாமல் போய்விடும் தொழில். எறிபவரின் கைக்கு ஏழு ஆண்டு கொடுக்கத் துணிந்த நீங்கள், 28 வயதாகப்போகும் துடுப்பாட்டக்காரருக்கு ஆண்டுகள் அதிகம் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

எனக்கு உண்மையில் பயம் தருவது ஆண்டு அல்ல. டொலர். அமெரிக்க டொலர். நாங்கள் டிக்கெட் வாங்குவது கனடிய டொலரில். விளையாட்டுத் தொலைக்காட்சிக்குக் கட்டுவதும் கனடிய டொலரில். வீரர்களுக்கு நீங்கள் கொடுப்பது அமெரிக்க டொலரில். இன்றைய விலையில் 25 மில்லியன் என்பது உங்கள் கல்லாவிலிருந்து 35 மில்லியனாகப் போகிறது. 2012 வாக்கில் இரண்டு நாணயமும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. அன்று 25 என்றால் 25தான். இன்னும் எட்டு ஆண்டில் எப்படி இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? நியூயோர்க்குக்கும் லொஸ் ஏஞ்சலிஸுக்கும் இந்தத் தலையிடி இல்லை. மாதாமாதம் ஊருக்குக் காசு அனுப்பும் எங்கள் சனங்களுக்கு இது விளக்காமலே புரியும். ரூபாய் விலை பார்த்து, இன்று அனுப்பலாமா நாளைக்கு அனுப்பலாமா என்று தொலைபேசியைத் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் நாங்கள். கடைக் கணக்கில் வெளிநாட்டு நாணயக் கடன் என்று ஒரு வரி வந்தால் அதற்கு நான் சிவப்பு மையில் வட்டம் போடுவேன். உங்கள் கணக்குப் பிள்ளைகளும் போட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

பழைய கதைகளையும் பார்த்துவிடலாம். ரொறன்ரோ சூடு கண்ட பூனை. 2006 டிசெம்பரில் வேர்னன் வெல்ஸுக்கு ஏழு ஆண்டுகள், 126 மில்லியன் கொடுத்தது. 2011 ஜனவரியில், நான்கு ஆண்டும் 86 மில்லியனும் பாக்கியிருக்க, அவரை ஏஞ்சல்ஸ் அணியின் தலையில் கட்டியபோது இந்த நகரமே பெருமூச்சு விட்டது. அதே ஏஞ்சல்ஸ் அதே ஆண்டு முடிவில் அல்பேர்ட் பூஹோல்ஸுக்குப் பத்து ஆண்டுகள், 240 மில்லியன் கொடுத்தது. அந்தப் பத்து ஆண்டில் ஒரே ஒரு முறை, 2014இல், இறுதிச் சுற்றுகளுக்குப் போய் மூன்று ஆட்டமும் தோற்றுத் திரும்பியது. வெல்ஸையும் பூஹோல்ஸையும் சொல்லித்தான் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். ஆனால் மார்கஸ் சிமியனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தக் கதைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2021இல் சிமியன் இங்கே ஓர் ஆண்டுக்கு 18 மில்லியனுக்கு வந்தார். ஷோர்ட்ஸ்டொப்பாகவே, அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் தடுப்பவராகவே, வளர்ந்தவர். ஆனால் அந்த இடத்தில் இளம் பிஷெட் நின்றதால் மறுபேச்சின்றி இரண்டாம் பேஸுக்கு நகர்ந்தார். 45 ஹோம் ரன் (மைதானத்துக்கு வெளியே பறக்கும் அடி) அடித்தார்; இரண்டாம் பேஸ்காரர் ஒருவர் அதற்கு முன் ஒரு பருவத்தில் அவ்வளவு அடித்ததில்லை. பருவம் முடிந்ததும் டெக்சஸ் அவருக்கு ஏழு ஆண்டுகள், 175 மில்லியன் கொடுத்தது. 31 வயதுக்காரருக்கு ஏழு ஆண்டா என்று அன்றும் இதே கடைகளில் இதே ஆட்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். இரண்டாம் ஆண்டிலேயே, 2023இல், டெக்சஸ் உலகத் தொடரை வென்றது. நான்கு ஆண்டு முடிந்ததும், மூன்று ஆண்டு பாக்கியிருக்க, போன மாதம் அவரை நியூயோர்க் மெட்ஸிடம் கொடுத்துவிட்டு வேறு வீரரை வாங்கிக்கொண்டது. கிண்ணமும் கிடைத்தது, கடைசித் தவணைகளையும் வேறொருவர் கட்டுகிறார். இதை நட்டம் என்று எழுத எனக்குக் கை வராது.

கடைசி ஆண்டுகள் எல்லாமே செத்த ஆண்டுகள் என்பதும் சரியில்லை. ஜோர்ஜ் ஸ்பிரிங்கரை 2024இல் .220 அடிச் சராசரியோடு (ஆயிரத்துக்கு 220 அடி) பார்த்தபோது, ஆறாண்டு ஒப்பந்தத்தின் மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிட்டோம் என்று நானே சொன்னேன். அடுத்த ஆண்டு .309. ஒக்டோபர் 20ஆம் திகதி சியாட்டிலுக்கு எதிரான அரையிறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், மூன்றுக்கு ஒன்று என்று பின்னால் நின்றபோது, மூன்று பேரைச் சேர்த்து ஹோம் பேஸுக்குக் கொண்டுவந்த அந்த அடியும் அவருடையதுதான். ஒப்பந்தத்தின் ஐந்தாம் ஆண்டு, 36 வயது. நான் சொன்னதை அன்றே வாபஸ் வாங்கிவிட்டேன். அக்காவின் மகன் மட்டும் இன்னும் நினைவூட்டுகிறான்.

இனிப் பிஷெட்டின் முழங்காலுக்கு வருகிறேன். இந்த மடலை எழுத வைத்ததே அதுதான்.

செப்டெம்பர் 6, யாங்கீஸ் மைதானம். ஹோம் பேஸில் எதிரணிக்காரரோடு மோதி இடது முழங்கால் பிசகியது. அதோடு பருவம் போயிற்று என்று நினைத்தோம். உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் திரும்பி வந்தார். பெரிய லீக்கில் அதுவரை ஒருநாள்கூட நிற்காத இரண்டாம் பேஸில் வந்து நின்றார். அந்தத் தொடரில் அவருடைய சராசரி .348.

நவம்பர் 1 இரவை நீங்கள் என்னைவிடப் பக்கத்திலிருந்து பார்த்தீர்கள். நான் அக்கா வீட்டுப் பேஸ்மென்டில் பதினொரு பேரோடு பார்த்தேன். மூன்றாவது இன்னிங்ஸில், ஸ்பிரிங்கர் மூன்றாம் பேஸில் நிற்க, எதிரணியான டொட்ஜர்ஸ் கெரேரோவை அடிக்கவிடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்கவிட்டது. அவருக்கு எறியாமல் நொண்டும் காலோடு நிற்பவருக்கு எறியலாம் என்ற கணக்கு. அவர்களுக்காக எறிந்த ஓதானியின் முதல் பந்தையே பிஷெட் நடு மைதானத்துக்கு மேலால் அனுப்பினார். 442 அடி. அக்கா மேலே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், கீழே எழுந்த சத்தத்தில் வீட்டில் ஏதோ விழுந்துவிட்டதென்று ஓடி வந்தார். எனக்குக் கண்ணில் நின்றது அந்த அடி அல்ல. அடித்த பிறகு அவர் சுற்றி வந்த விதம். ஹோம் ரன்னுக்கு ஓட வேண்டியதில்லை என்பதால் மெதுவாக, இடது காலை அளந்து அளந்து வைத்து வந்தார்.

கெரேரோவுக்கு 500 மில்லியன் கொடுத்திருக்கிறீர்கள். அவருக்குப் பின்னால் அடிக்க ஆள் இல்லாவிட்டால் எதிரணி அவரை இப்படியே நடக்கவிடும். அந்த 500 மில்லியன் முதல் பேஸில் கைகட்டி நின்றுகொண்டிருக்கும். பிஷெட்டின் விலையைக் கணக்கிடும்போது இந்த வரியைக் கெரேரோவின் பேரேட்டிலும் எழுதிப் பாருங்கள்.

ஆனால் கணக்குப் பிள்ளை இரண்டு பக்கமும் எழுத வேண்டும். ஒன்பதாவது இன்னிங்ஸ், நான்குக்கு நான்கு. பிஷெட் முதல் பேஸை எட்டினார். அந்தக் காலால் ஓட முடியாது என்று அவரை எடுத்துவிட்டு ஐசாயா கைனர்-ஃபலேஃபாவை ஓடவிட்டீர்கள். மூன்று பேஸும் நிறைந்தன, ஒருவர்தான் ஆட்டமிழந்திருந்தார். கைனர்-ஃபலேஃபா மூன்றாம் பேஸில், காலைப் பேஸை விட்டு அதிகம் எடுக்காமல் நின்றார். நம் வார்ஷோ தட்டிய பந்தை டொட்ஜர்ஸின் ரோஹாஸ் தடுமாறிப் பிடித்து ஹோம் பேஸுக்கு எறிந்தார். பிடிப்பவரின் கால் ஒரு கணம் எழும்பி மறுபடி இறங்கியது. ஆட்டமிழப்பு. பேஸ்மென்டில் ஒருவரும் பேசவில்லை. பதினொன்றாவது இன்னிங்ஸில் தோல்வியோடு எல்லாம் முடிந்தது. அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளும் இரவு. தூங்காமல் கிடக்க எங்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது.

பிஷெட்டே ஓடியிருந்தால் வென்றிருப்போம் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல காலோடும் அவர் மின்னல் இல்லை. 2024இல் உடம்பு ஒத்துழைக்காமல் 81 ஆட்டங்களும் .225 சராசரியும்தான். ஷோர்ட்ஸ்டொப்பில் அவருடைய களத்தடுப்பை எந்த அளவுகோலால் அளந்தாலும் கடைசி வரிசையில்தான் வருகிறார். இவையெல்லாம் 27 வயதுக்குள். 33இல் அந்தக் கால்கள் என்ன சொல்லும் என்று ஊகிக்க மருத்துவர் தேவையில்லை.

அதனால்தான் சொல்கிறேன், ஆண்டுகளை விட்டுவிட்டு இடத்தைப் பேசுங்கள். ஷோர்ட்ஸ்டொப்பில் அன்ட்ரேஸ் ஹிமெனெஸ் இருக்கிறார். அவருடைய ஒப்பந்தம் 2029வரை போகிறது. ஆகவே பிஷெட்டைக் கூப்பிட்டு, 'இரண்டாம் பேஸ், முதல் நாளிலிருந்து' என்று நேராகச் சொல்லுங்கள். ஷோர்ட்ஸ்டொப் என்ற ஆசையைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டு இரண்டு ஆண்டு கழித்து நகர்த்துவது மரியாதையுமில்லை, புத்தியுமில்லை. சிமியன் அவருக்காக நகர்ந்த அதே இடம்தான் அது. பெரிய மனிதர்கள் நகர்ந்திருக்கிறார்கள். பிரைஸ் ஹார்ப்பர் 13 ஆண்டு ஒப்பந்தத்தின் நடுவில் வலது மைதானத்தை விட்டு முதல் பேஸுக்கு வரவில்லையா? ஏர்னி கிளெமென்ட் எங்கே போவார் என்று கேட்பீர்கள். இந்த இறுதிச் சுற்றுகளில் 30 முறை அடித்து யாரும் செய்யாத சாதனை செய்தவரைப் பெஞ்சில் வைக்கச் சொல்லவில்லை. அவர் மூன்றாம் பேஸிலும் நிற்பார், தேவைப்பட்டால் வாசலிலும் நிற்பார்.

அவர் அந்த இடத்துக்கு ஒப்புக்கொண்டால், ஏழு ஆண்டு கொடுங்கள். எட்டுக் கேட்டால் எட்டு. கூடுதல் ஆண்டைக் கொடுத்து ஆண்டுச் சராசரியை இறக்குங்கள். அதற்குப் பதிலாக ஒன்றை மட்டும் கொடுக்காதீர்கள்: இடையில் வெளியேறும் உரிமை. நன்றாக ஆடினால் இரண்டு ஆண்டில் கைகாட்டிவிட்டுப் போவார், ஆடாவிட்டால் கடைசிவரை இருப்பார். முன்சீட்டை எடுத்துவிட்டு, விரும்பினால் மட்டும் கட்டுவேன் என்பவரை அக்கா தன் சீட்டில் சேர்க்கமாட்டார். இரண்டாம் பேஸ் வேண்டாம் என்று அவர் சொன்னால், கைகுலுக்கி அனுப்பிவிடுங்கள். எனக்குக் கவலையாகத்தான் இருக்கும், ஆனால் உங்களைத் திட்டமாட்டேன். போனால் கிடைப்பது என்ன என்பதும் தெரியும்: வரம்பு தாண்டிய அணி என்பதால், புதுமுகத் தேர்வில் நான்காம் சுற்றுக்குப் பிறகு ஓர் இடம். பூவுக்குப் பதில் பூவிதழ்கூட இல்லை.

வேலையை விரைவாகப் பாருங்கள். வீரர் சங்கத்தோடு லீக் செய்த உடன்பாடு அடுத்த ஆண்டு டிசெம்பர் 1ஆம் திகதி முடிகிறது. அதற்குப் பிறகு கதவு எப்போது பூட்டும், எப்போது திறக்கும் என்று தெரியாது. உடம்பு நன்றாக இருக்கும் ஆண்டுகளைக் கதவு பூட்டுவதற்கு முன் எடுத்துவிடுவது நல்லது.

இன்னொரு சின்ன விஷயம். அக்காவின் மகன் நத்தாருக்கு 11ஆம் இலக்கச் சட்டை கேட்டிருக்கிறான். முதுகில் பிஷெட்டின் பெயர். கடையில் அந்த இலக்கம் குறைந்த விலைக்குப் போகுமா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்று சிரித்தார் அந்தப் பெண். முழு விலைக்கு வாங்கி, பற்றுச்சீட்டை என் மேசை இலாச்சிக்குள் வைத்திருக்கிறேன். மாற்றுவதற்கு ஜனவரி நடுப்பகுதிவரை நேரம் தந்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மேல்தட்டு இருக்கைகளில் ஒருவன்